ஸ்டாக் எடுத்த மறுநாள்

கொடைக்கானல் என்றுதான் முதலில் பேச்சு.
தலைக்குத் தொள்ளாயிரம், வேன் வாடகை தனி.
கழுவாசல் ஜவுளிக்கடையில்
பில் போடும் எங்கள் ஐந்து பேருக்கு
அது மாதக் கடைசி.

"மலை வேணும், தண்ணி வேணும், அவ்வளவுதானே?"
என்றான் அடைக்கலம்.
ஷேர் ஆட்டோ அவனுடையது.
பின்சீட்டில் லாரி டியூப் இரண்டு
எங்களுக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தன.
மிச்ச இடத்தில் நாங்கள்.

எந்தக் கண்மாய் என்று சொல்ல மாட்டேன்.
சொன்னால் வரும் ஞாயிறே
பஜ்ஜிக்கடை முளைத்துவிடும்.
காரைக்குடியிலிருந்து அரைமணி நேரம்,
செம்மண் பாதை,
சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் ஆட்டோவைக் கீறும்,
அப்புறம் திடீரென்று கரை.
இவ்வளவு போதும்.

மார்கழி பாதி. மழை நின்றுவிட்டது.
கலுங்கு வழிந்து ஓய்ந்து
மடைச்சுவரில் ஒரு சாண் இறங்கியிருந்தது ஈரக்கோடு.
பொதுப்பணித் துறைப் பலகையில்
'ஆழமான பகுதி, இறங்க'
என்பது வரைக்கும்தான் எழுத்து.
மிச்சத்தைத் துரு தின்றிருந்தது.
"கவர்மெண்டே சொல்லிருச்சு" என்று
சேவுகன் சட்டையைக் கழற்றினான்.

எதிர்க்கரையில் மலை.
மலை என்றால் எங்கள் பக்கத்து மலை.
கொடைக்கானல்காரர் பார்த்தால்
யாரோ இறக்கி வைத்துவிட்டு
எடுத்துப்போக மறந்த கல் என்பார்.
உச்சியில் சின்னக் கோயில், பகலிலும் அணைக்காத ஒரு குழல்விளக்கு.
தண்ணீருக்குள் தலைகீழாக
அதே கோயில், அதே விளக்கு.

மிதவைச் சட்டைக்கு எங்கே போவது?
மூடி இறுக்கிய காலி வாட்டர் கேன்
முதுகுக்கு ஒன்று,
பண்டல் கட்டும் கயிற்றால்.
ரஹ்மத் அதைக் கட்டிக்கொண்டு
செல்ஃபி எடுத்தாள், பார்த்தாள், அழித்தாள்.
தெய்வானைக்கு நீச்சல் தெரியும் என்பது
நான்கு வருஷம் பக்கத்து சீட்டில் இருந்தும்
எனக்குத் தெரியாது.
பாவாடையை முடிந்துகொண்டு
மடையிலிருந்து குதித்தாள் பாருங்கள்,
அடைக்கலம் கையிலிருந்த புளியோதரை
அப்படியே நின்றது.

மெய்யம்மை இறங்கவில்லை. கேஷ் கவுண்டர்.
கரையில் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு
நோட்டு எண்ணுகிற மாதிரி எங்களை எண்ணினாள்.
ஐந்து. சரி.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. ஐந்து.
ஒருமுறை ஆறு வந்துவிட்டது.
திரும்ப எண்ணுவதற்குள்
அந்த ஆறாவது தலை முங்கி
கெண்டையோடு எழுந்து பறந்தது. நீர்க்காகம்.

சேவுகனுக்கு வலது கால்
இரண்டு விரற்கடை குட்டை.
மாடியில் இருக்கும் சரக்கை அவன் எடுப்பதில்லை.
பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் மேலே போனால்
அடிவாரத்தில் பைகளோடு இருப்பவன்.
டியூபில் குப்புறப் படுத்து
இரண்டு கையாலும் தண்ணீரைப் பின்னால் தள்ளித் தள்ளிப் போனான்.
நாங்கள் கத்தவில்லை.
போய்க்கொண்டே இருந்தான்.
கரையிலிருந்து பார்த்தால்
கோயில் விளக்கு அவன் தோளில் எரிந்தது.
பிறகு அவன் அலையில் மலை நெளிந்து
துண்டு துண்டாகிக்
கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்து மூச்சு வாங்கினான்.
"எங்க? நான் போகப் போக
அதும் தள்ளிப் போகுது.
கிட்டயே வரலை."

"இல்லை" என்றாள் மெய்யம்மை,
மாலையில் கல்லாவைப் பூட்டும் அதே குரலில்.
"மூணு இருபதுக்கு நீ உச்சியில இருந்தே.
நான் இங்கேருந்து பார்த்தேன்."
கல்லாக் கணக்கில் அவளோடு
முதலாளியே வாதாடுவதில்லை.
சேவுகன் தலையைத் துவட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை
பட்டு செக்‌ஷனில் ஒரு அம்மா
மீதிச் சில்லறை வாங்கும்போது
என் முழங்கையைப் பார்த்து
"மை ஒட்டியிருக்கு" என்றார்.
டியூப் கறுப்பு. சோப்புக்குப் போகவில்லை.
"ஆமாங்க" என்று சொல்லி
அடுத்த பில்லைப் போட்டேன்.